படகும் படங்கும்

ஐப்பசி மாதம் பிறந்து வானம் கறுக்கத் தொடங்கியதும், யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலும், முல்லைத்தீவு முதல் மட்டக்களப்பு வரையுள்ள கீழ்க்கரையிலும் ஒரு வேலை ஆரம்பமாகின்றது. கடலில் நங்கூரமிட்டு நின்ற வள்ளங்கள் பல மணலின்மீது இழுத்தேற்றப்படுகின்றன. வலைகள் உதறி உலர்த்தப்படுகின்றன. இயந்திரங்கள் கழற்றப்பட்டு வீடுகளுக்குக் கொண்டுசெல்லப்படுகின்றன. ஈற்றிலே வள்ளத்தின்மீது ஒரு படங்கு விரிக்கப்பட்டுக் கயிற்றினால் வரிந்து கட்டப்படுகின்றது. பார்ப்பவருக்கு இந்தக் கடைசி வேலை மிக எளியதாகவே தோன்றும். ஆயினும் வாடை ஓய்ந்து கடல் அடங்கியபின் அந்த வள்ளம் தொழிலுக்கு உதவுமா, அல்லது உடையவரைத் தச்சனிடமும் கடன்காரரிடமும் அலையவைக்குமா என்பதைப் பெரும்பாலும் முடிவுசெய்வது அதுவேயாகும்.

ஒரு மீனவக் குடும்பத்துக்கு வள்ளமே வயல், அதுவே வங்கி, மகளின் சீதனமும் மகனின் படிப்பும் அதிலிருந்தே வரவேண்டும். அதுபோலவே லொறிக்காரருக்கு லொறியும், கமக்காரருக்கு உழவு இயந்திரமும் ஆகும். இவற்றை மூடிக் காக்கும் முறையைப் பலரும் பழக்கத்தினால் அறிந்திருக்கின்றனர். அந்தப் பழக்கத்தின் பின்னாலுள்ள காரணங்களையும் அறிந்துகொண்டால், எந்த இடத்தில் எந்தப் பொருளை மூடவேண்டி வந்தாலும் பிழை நேராமல் செய்யலாம்.

முதலில் பகைவர் யாவர் என்பதை அறிதல் வேண்டும். வெயில், மழை, காற்று என அவர் மூவர்.

வெயிலைப் பலர் பகையாகக் கருதுவதில்லை. மரத்தாற் செய்த வள்ளம் வைகாசி, ஆனி மாத வெயிலில் நாட்கணக்காக வெறுமனே கிடந்தால் பலகைகள் சுருங்குகின்றன, மூட்டுகள் விரிகின்றன, நீரில் இறக்கியவுடன் உள்ளே நீர் கசிகின்றது. கண்ணாடி நாரினாற் செய்யப்பட்ட இக்காலத்துப் படகுகளுக்கு இத்தொல்லை இல்லையெனினும், அவற்றின் மேற்பூச்சு வெயிலில் மங்கிச் சுண்ணாம்புபோல் மாவாகின்றது. நைலோன் வலைகளும் கயிறுகளும் வலிமை குன்றுகின்றன. ஆகவே மூடுதல் மாரிக்கு மட்டும் உரிய காரியமன்று.

மழையின் தீங்கு வேறு வகையானது. உப்புநீர் மரத்தை அவ்வளவாக அழிப்பதில்லை. மரத்தை உக்கச் செய்யும் பூஞ்சணம் உப்பில் நன்றாக வளராது. மழைநீரோ நன்னீர். அது வள்ளத்தின் அடியிலும் மூலைகளிலும் தேங்கி நின்றால், கடலில் பத்தாண்டு உழைத்த பலகையும் கரையில் சில மாரிகளில் உக்கிவிடும். கண்ணாடிநார்ப் படகிலும் இயந்திரம் பூட்டும் பின்பலகையின் உள்ளே பெரும்பாலும் மரமே வைக்கப்பட்டிருக்கும். ஆணித் துளைகளின் வழியே நீர் உட்புகுந்தால் வெளியே ஒரு குறையும் தெரியாமலே உள்மரம் உக்கிப்போகும். இயந்திரத்தைப் பூட்டி விசையுடன் ஓட்டும்போதே அந்தக் குறை வெளிப்படும். அதுவும் நடுக்கடலில் வெளிப்படும்.

மூன்றாவது பகையாகிய காற்றே மூடியின் நேர்ப்பகை. வெயிலையும் மழையையும் தடுப்பதற்காகப் போடப்படும் படங்கைக் காற்றே கிழித்தெறிகின்றது. வடக்கே வாடையும், தென்மேற்கிலிருந்து வரும் சோளகமும், மட்டக்களப்பார் கச்சான் என்னும் வரண்ட காற்றும் ஒவ்வொரு பருவத்தில் ஒவ்வொரு திசையிலிருந்து வருவதனால், கட்டிய கட்டு எல்லாப் பருவத்துக்கும் உதவுவதில்லை.

முன்னோர் கையாண்ட மூடி கிடுகும் பனையோலையுமாகும். வள்ளத்தின்மீது கம்புகளை நாட்டிச் சரிவாகக் கிடுகு வேய்ந்து விடுவர். சரிவில் விழுந்த மழைநீர் ஓலைக்கு ஓலை வழிந்து நிலத்தைச் சேரும். காற்றோ ஓலைகளின் இடுக்குகளினூடே ஓரளவு புகுந்து செல்லும். உள்ளே வெக்கை தங்குவதில்லை, ஈரமும் தங்குவதில்லை. கிடுகு இரண்டொரு ஆண்டுகளில் பழுதாகிவிடும் என்பதே அதன் குறை. அதன் நிறைகள் இரண்டை மறத்தலாகாது: ஒன்று சரிவு, மற்றது காற்றோட்டம். பின்வந்த மூடிகள் யாவற்றிலும் மக்கள் இழந்துபோவது இவ்விரண்டையுமே.

கிடுகுக்குப் பின் வந்தது பருத்தியிலும் சணலிலும் நெய்த தடித்த துணி. கன்வஸ் என்னும் பெயர் சணல் வகைச் செடியொன்றைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழி வந்ததென்பர். மேனாட்டு மாலுமிகள் அத்துணிக்குத் தாரைப் பூசி நீர் புகாதபடி செய்தனர். தார் என்னும் சொல்லும், போர்வை எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லும் சேர்ந்து உண்டான பெயரே நம்மிடையே தறப்பாள் என வழங்குகின்றது. பாய்க்கப்பல் ஓட்டிய வல்வெட்டித்துறையாருக்கு இத்துணியைக் கையாளும் வித்தை கைவந்த கலையாயிருந்தது. அவ்வூரிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் கப்பல் 1938ஆம் ஆண்டில் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையைச் சேர்ந்தது. துணியையும் கயிற்றையும் காற்றுக்கு இசைய ஆளுதல் அவர்களுக்கு வாழ்வும் சாவுமான காரியமாயிருந்தது.

பருத்திப் படங்குக்கு ஒரு சிறப்புண்டு. அது நனைந்தவுடன் நூல்கள் பருத்து இடைவெளிகளை அடைத்துக்கொள்கின்றன. உலர்ந்தபின் மீண்டும் காற்றை விடுகின்றன. ஆனால் ஈரத்தோடு மடித்து வைத்தால் சில நாட்களில் பூஞ்சணம் பிடித்து இற்றுப்போகும். இன்று எங்கும் காணப்படும் நீலத் தறப்பாள் பொலித்தீன் என்னும் பொருளினால் ஆனது. 1933ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் இரசாயன ஆய்வுகூடமொன்றில் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்ட பொருள் அது. பொலித்தீன் நாடாக்களைத் துணிபோல் நெய்து இருபுறமும் அதே பொருளைப் பூசுவதனால் தறப்பாள் உண்டாகின்றது. அது உக்குவதில்லை, நீரைக் குடிப்பதுமில்லை, விலையும் குறைவு. ஆனால் வெயிலைத் தாங்கும் மருந்து சேர்க்கப்படாத மலிவான தறப்பாள் ஓரிரு கோடையிலேயே வெளிறி, நொறுங்கி, நார்நாராகப் போய்விடும். அது காற்றை விடுவதுமில்லை.

இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் வாழ்வோருக்குத் தறப்பாளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னும், 2009ஆம் ஆண்டு போர் முடிந்த காலத்திலும், எண்ணிறந்த குடும்பங்களுக்கு அதுவே கூரையும் சுவருமாயிருந்தது. இரவிலே காற்றெழும்போது மூலைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு விழித்திருந்த தாய்மார் பலர். வரிந்து கட்டிய தறப்பாளுக்கும் தளர்வாகக் கட்டிய தறப்பாளுக்குமுள்ள பேதம் அவர்களுக்குத் தெரியும்.

இனிக் காற்றின் கணக்கைப் பார்ப்போம். காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் தாக்கம் இருமடங்காவதில்லை, நான்கு மடங்காகின்றது. மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் வீசும் காற்று, தனக்கு நேரெதிரே நிற்கும் ஒவ்வொரு சதுரமீற்றர் பரப்பையும் ஏறக்குறைய 6 கிலோகிராம் பாரம்போல் அழுத்தும். வேகம் 72 கிலோமீற்றரானால் அது 25 கிலோகிராமாகும். 108 கிலோமீற்றரானால் 56 கிலோகிராமாகும். ஆறு மீற்றர் நீளமும் மூன்று மீற்றர் அகலமுமுள்ள ஒரு தறப்பாளின் பரப்பு 18 சதுரமீற்றர். அது 72 கிலோமீற்றர்க் காற்றை முழுமையாக எதிர்த்து நின்றால் 450 கிலோகிராம் பாரத்தைத் தாங்கவேண்டும். நான்கு மூலைகளில் நான்கு கயிறுகளே கட்டியிருந்தால் ஒவ்வொரு மூலையும் நூறு கிலோகிராமுக்கு மேல் இழுபடும். மூலை வளையம் பிடுங்குவதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

இதனினும் நுட்பமான காரியம் ஒன்றுண்டு. வளைந்த மூடியின் மேலாகக் காற்று விரைந்து செல்லும்போது மேற்புறத்து அமுக்கம் குறைகின்றது. உள்ளேயுள்ள அசையாத காற்று மூடியை மேல்நோக்கித் தள்ளுகின்றது. புயலிலே வீட்டுக் கூரை கழன்று பறப்பதும் இதனாலேயே. எனவே மூடியைக் கீழே அழுத்திப் பிடிக்கும் கட்டே முக்கியமானது. பக்கவாட்டில் இழுத்துக் கட்டுதல் மாத்திரம் போதாது. தளர்வாய்க் கிடக்கும் மூடி படபடவென்று அடித்துக்கொள்ளும். ஒவ்வோர் அடியும் சிறியதாயினும் ஓரிரவில் அவை பல்லாயிரம். துணி கிழிவது பெரும்பாலும் ஒரே வீச்சினாலன்று. இந்த ஓயாத படபடப்பினாலேயே.

மழையின் கணக்கும் இதுபோன்றதே. ஒரு சதுரமீற்றர்ப் பரப்பில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் நீராகும். அதன் நிறை ஒரு கிலோகிராம். மூடியின் நடுவே இரண்டு மீற்றர் நீளமும் ஒரு மீற்றர் அகலமுமான பள்ளமொன்று விழுந்து, சராசரி பத்துச் சென்ரிமீற்றர் ஆழத்துக்கு நீர் நின்றால், அது 200 லீற்றர், அதாவது 200 கிலோகிராம் பாரமாகும். மூன்று பெரிய ஆட்கள் ஏறி நிற்பதற்கு அது சமம். பாரம் ஏற ஏறப் பள்ளம் ஆழமாகும். பள்ளம் ஆழமாக ஆக நீர் மேலும் சேரும். முடிவில் மூடி கிழியும். அல்லது வள்ளத்தின் விளிம்பு நெளியும்.

இவ்விரு கணக்குகளிலிருந்தும் மூடும் முறை தானே பிறக்கின்றது. வள்ளத்தின் நெடுகே, முன்னணியத்திலிருந்து பின்புறம்வரை, ஒரு நீண்ட மூங்கிலை முகடுபோல் நிறுத்தவேண்டும். அதனைத் தாங்க இரண்டு அல்லது மூன்று முட்டுக்கால்கள் வேண்டும். வீட்டுக் கூரையைப்போல் இருபுறமும் நன்றாகச் சரியும்படி மூடியை அதன்மீது விரிக்கவேண்டும். மூங்கிலின் முனைகளும், வள்ளத்தின் கூரிய மூலைகளும், ஆணித்தலைகளும் துணியில் உரசும் இடங்களில் பழைய சாக்கையோ றப்பர்த் துண்டையோ சுற்றுதல் நன்று. ஒரு சிறு கூர்முனை ஓரிரவில் பெரிய கிழிசலை உண்டாக்கிவிடும்.

இருமுனைகளிலும் காற்றுப் போய்வரச் சிறிது இடம் விடுதல் அவசியம். முற்றாக அடைத்த மூடியின் கீழே பகல் வெப்பத்தில் ஈரம் ஆவியாகி, இரவுக் குளிரில் மூடியின் உட்புறத்தில் நீர்த்துளியாய்ப் படிந்து, மீண்டும் வள்ளத்துள் சொட்டுகின்றது. மழைக்குத் தப்பிய வள்ளம் தன் வியர்வையினாலேயே உக்குகின்றது. மேலும் பெற்றோல், மண்ணெண்ணெய்க் கலன்களை மூடிக்குக் கீழே விட்டுவைத்தல் ஆபத்தாகும். அவற்றின் ஆவி காற்றைவிடப் பாரமானது. அது வள்ளத்தின் அடியில் தங்கி, ஒரு சிறு தீப்பொறிக்காகக் காத்திருக்கும். கரையேற்றிய வள்ளத்தின் அடித்துளை அடைப்பானை எடுத்துவிடுவதும், முன்னணியம் சிறிது உயர்ந்திருக்கும்படி உருளைக்கட்டை வைப்பதும் வேண்டும். மூடி தவறினாலும் உட்புகும் நீர் தானே வடிந்துபோகும்.

கட்டும் வகையில் முதலாவது விதி, மூடியை வள்ளத்தோடு கட்டுதல். ஒரு பக்கத்து வளையத்திலிருந்து கயிற்றை வள்ளத்தின் அடியால் செலுத்தி மறுபக்கத்து வளையத்தோடு இறுக்கினால், மூடியும் வள்ளமும் ஒரே உடலாகின்றன. அருகிலுள்ள மரத்திலோ வேலியிலோ கட்டினால் மரம் அசையும்போது மூடி கிழியும். கல்லைக் கட்டித் தொங்கவிடுவோரும் உளர். காற்றில் அந்தக் கல் ஊசலாடி வள்ளத்தின் பக்கத்தையே இடித்துக் காயப்படுத்தும். மணலில் முளையடிக்க நேர்ந்தால், முளையின் தலை வள்ளத்துக்கு அப்பால் சாயும்படி ஆழமாக அடித்தல் வேண்டும். நேராக அடித்த முளை எளிதிற் பிடுங்கும்.

இரண்டாவது விதி, பாரத்தைப் பலவிடங்களிற் பகிர்தல். நான்கு மூலைகளோடு நில்லாது, வளையம் உள்ள இடங்களிலெல்லாம் கயிறிடவேண்டும். வளையம் பிடுங்கிய இடத்தில் ஒரு சிறு உருண்டைக் கல்லை மூடியின் உட்புறம் வைத்து, துணியோடு சேர்த்து வெளியிலிருந்து கயிற்றாற் சுற்றிக் கட்டினால் அதுவே உறுதியான பிடியாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, இருபக்கமும் மாறிமாறிக் குறுக்கே ஒரு கயிற்றைக் கொண்டுசென்று மூடியை அழுத்திக் கட்டினால் படபடப்பு அடங்கும்.

மூன்றாவது விதி, கயிற்றின் குணத்தை அறிதல். பருத்திக் கயிறு நனைந்தால் சுருங்கி இறுகும். நைலோன் கயிறு நனைந்தால் நெகிழ்ந்து நீளும். உலர்ந்த நாளில் வரிந்து கட்டிய நைலோன் கயிறு முதல் மழையிலேயே தளர்வது இதனாலாகும். எனவே முதல் மழைக்குப் பின் ஒருமுறை சென்று மீண்டும் இறுக்குதல் இன்றியமையாதது. பழைய சைக்கிள் றப்பர்க் குழாயை வளையமாக வெட்டிக் கயிற்றுக்கும் மூடிக்கும் இடையே சேர்த்தால், காற்று இழுக்கும்போது சிறிது கொடுத்து, பின்னர்த் தானே இறுகும்.

லொறிச் சாரதிகள் கைக்கொள்ளும் முடிச்சு ஒன்று யாவரும் அறியத்தக்கது. கயிற்றின் நடுவே ஒரு சிறு கண்ணியிட்டு, நுனியைக் கீழேயுள்ள கொளுக்கியிற் கோத்து, மீண்டும் மேலே கொண்டுவந்து அக்கண்ணியினூடாகச் செலுத்திக் கீழ்நோக்கி இழுப்பர். இது கப்பிபோல் தொழிற்பட்டு, இழுப்பவரின் வலுவைப் பெருக்குகின்றது. உராய்வு இல்லையாயின் மும்மடங்காகும். உராய்வினால் அதிற் குறையுமாயினும், வெறுங்கையால் இழுப்பதைவிட மிக அதிகமாகவே இறுகும். இறுகிய நுனியை இரண்டு அரைச்சுற்றுகளால் முடிந்துவிட்டால் அவிழ்ப்பதும் எளிது.

லொறியின் காரியம் வள்ளத்தினும் கடினமானது. ஏனெனில் அது தன் காற்றைத் தானே உண்டாக்குகின்றது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தூரம் வெங்காயமும் கருவாடும் ஏற்றி, மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் லொறியின் மூடியை, இலையசையாத இரவிலும் அதே வேகக் காற்றே எதிர்கொள்கின்றது. ஒரு படங்கு போதாமல் இரண்டு விரிக்கவேண்டியிருந்தால், பின்படங்கை முதலில் விரித்து, முன்படங்கை அதன்மேற் படியும்படி போடல்வேண்டும். மாறி விரித்தால் எதிர்க்காற்று இடுக்கிலே புகுந்து பின்படங்கை ஊதிப் பிடுங்கிவிடும். மழையும் அவ்வழியே மூட்டைகளில் இறங்கும். சுமையை நடுவே உயர்த்தி அடுக்குவதும், புறப்பட்டுச் சில மைல் ஓடியபின் நிறுத்திக் கட்டுகளைப் பார்ப்பதும் அனுபவமுள்ளோரின் வழக்கம். சுமை குலுங்கி அமர்ந்தவுடன் முதலிற் கட்டிய கயிறு தளர்ந்திருக்கும்.

மோட்டார்க் காரையும் மோட்டார்ச் சைக்கிளையும் மூடுவோர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். கடற்கரை ஊர்களில் மணலும் உப்பும் வாகனத்தின்மேற் படிந்திருக்கும். கழுவாமல் மூடினால், காற்றில் அசையும் மூடி அந்த மணலைக்கொண்டு நிறப்பூச்சை அரத்தாள்போல் தேய்க்கும். உப்பு ஈரத்தைப் பிடித்துவைத்துத் தகட்டைத் துருவாக்கும். கழுவி, உலரவிட்டு, இயந்திரமும் புகைக்குழாயும் ஆறியபின்னரே மூடவேண்டும். சூடான குழாயிற் பட்ட பொலித்தீன் உருகி ஒட்டிக்கொள்ளும். உழவு இயந்திரத்தின் புகைக்குழாய் வானை நோக்கியிருப்பின் அதன் வாயைத் தனியே ஒரு தகரப்பேணியாற் கவிழ்த்து மூடுதல் நன்று. இயலுமாயின் நான்கு கால் நாட்டிய ஒரு கொட்டில் எந்த மூடியினும் சிறந்தது. அங்கே சரிவும் உண்டு, காற்றோட்டமும் உண்டு.

மூடிக் காப்பதற்கும் ஓர் எல்லையுண்டு என்பதை மறத்தலாகாது. 1964ஆம் ஆண்டு மார்கழியில் வடகரையையும் தனுஷ்கோடியையும் அழித்த புயலும், 1978ஆம் ஆண்டு கார்த்திகையில் மட்டக்களப்பைச் சூறையாடிய புயலும் எந்தப் படங்கினாலும் தாங்கக்கூடியவையல்ல. 2020ஆம் ஆண்டு மார்கழித் தொடக்கத்தில் புரெவிப் புயல் கீழ்க்கரையில் ஏறியபோது முன்னறிவித்தல் கிடைத்திருந்தது. வளிமண்டலவியல் திணைக்களம் புயலெச்சரிக்கை விடுத்துவிட்டால் உயர்ந்து நிற்கும் மூடியைக் கழற்றிவிடுவதே அறிவுடைமை. இல்லையேல் அது பாயாகி வள்ளத்தையே புரட்டும். இயந்திரத்தையும் வலையையும் அகற்றி, வள்ளத்தைக் கடலலை எட்டாத மேட்டுக்கு ஏற்றி, உறுதியான மரத்திலோ ஆழப்புதைத்த கட்டையிலோ பிணைக்கவேண்டும். காற்று எழுந்தபின் கரைக்கு ஓடிக் கயிற்றைப் பிடித்து நிற்றல் கூடாது. வள்ளத்தை மீண்டும் தேடலாம். உயிரைத் தேட முடியாது.

இன்னொரு தீங்கு ஓசையின்றி நிகழ்வது. மூடியின் மடிப்பிலும், கரையேற்றிய படகின் அடியிலும் தேங்கும் தெளிந்த மழைநீரிலேயே டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் நுளம்பு முட்டையிடுகின்றது. முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாவதற்கு ஏறக்குறைய ஒரு வாரமே போதும். 2017ஆம் ஆண்டில் இந்நாட்டில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். ஆதலால் வாரத்துக்கு ஒருமுறை மூடியைத் தட்டி நீரை வடிப்பது வள்ளத்துக்கு மட்டுமன்றி, அயல்வீட்டுக் குழந்தைக்கும் செய்யும் காவலாகும். கிழிந்து பயன்படாத தறப்பாளைக் கரையில் எறிந்துவிடுதலும் தகாது. அது காற்றில் பறந்து மின்கம்பியிற் சிக்கும். கடலில் விழுந்து இயந்திரத்தின் சுழலியிற் சுற்றும். துண்டுதுண்டாகி மீன்களின் வயிற்றிற் சேரும்.

இத்தனைக்கும் வேண்டிய பொருள்கள் ஒரு மூங்கில், சில முழக் கயிறு, பழைய சாக்கு, றப்பர்த் துண்டு என்பனவே. இவற்றின் விலை, வள்ளத்தின் விலையில் மிகச் சிறு பங்காகும். எனினும் பணத்தினும் கூடுதலாக வேண்டப்படுவது கவனம். மழை விட்டதும் கரைக்குச் சென்று, பள்ளம் விழுந்திருக்கின்றதா, கயிறு தளர்ந்திருக்கின்றதா, எங்கே உரசியிருக்கின்றது என்று சுற்றிப்பார்க்கக் கால்மணி நேரம் போதும். தன் வள்ளத்தைப் பார்த்துவிட்டு, நோயாலோ தூரப் பயணத்தாலோ வரமுடியாதவரின் பக்கத்து வள்ளத்துக் கயிற்றையும் ஒருமுறை இறுக்கிவிட்டுத் திரும்புதல் நம் கரையோர ஊர்களில் நெடுங்காலமாக உள்ள வழக்கம். வாடை முடிந்து வள்ளங்கள் யாவும் ஒரே நாளிற் கடலில் இறங்குமாயின், அதற்கு அந்த வழக்கமும் ஒரு காரணமாகும்.